மாஸ்டர் பிளானுக்கு ஊர் மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

ஊருக்கு மாஸ்டர் பிளான் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், ரோடு எங்கே போகும் என்று முடிவு செய்கிற நீண்ட காலத் திட்டம்) போடுகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரிய வருவதே, வீடு கட்ட அனுமதி கேட்டுப் போன இடத்தில் "உங்க சர்வே நம்பர்ல ரோடு போகுதே சார்" என்று யாராவது சொல்லும்போதுதான். அதற்குப் பிறகு கத்தி என்ன, அழுது என்ன. அதனால் குடியிருப்போர் சங்கம் நடத்துகிறவர்களும், அடுத்த இருபது வருஷத்தைப் பற்றி உண்மையாகவே மக்களிடம் கேட்க நினைக்கிற கவுன்சிலர்களும் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 26-ன்படி வரைவுத் திட்டத்தை அறிவித்து, ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது 2 மாதம் தர வேண்டும். எழுத்தில் கொடுக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடிதத்தின் கடைசியில் "நேரில் விளக்க வாய்ப்பு தரவும்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள், ஏனென்றால் கேட்டவர்களுக்குத்தான் சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது. பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, அப்புறம் கூப்பிடவே இல்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

ஆனால் அந்த 2 மாதத்துக்காகக் காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம். வரைவு வெளியாகும்போது கோடுகள் போட்டாயிற்று, ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒருவர் நிற்பார், அதை நகர்த்துவது லேசான காரியம் இல்லை. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது, 2026 வரைக்குமானது. மூன்றாவதுக்கு, வரைபடம் வருவதற்கு முன்பே எப்படிப்பட்ட ஊர் வேண்டும் என்று மக்களிடம் கேட்டார்கள். எந்த அளவுக்குக் காதில் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம், கேட்ட நேரம் சரியான நேரம். உங்கள் ஊரிலும் திட்டம் தயாரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

எங்கள் பகுதியில் இப்படிக் கருத்துக் கேட்க நாங்கள் நடத்திய முதல் கூட்டம் படுதோல்வி. செவ்வாய்க்கிழமை காலை 11 மணி, கல்யாண மண்டபம், மேடை, மைக், பொன்னாடை எல்லாம் உண்டு. வந்தது முப்பது பேர், முக்கால்வாசி ஓய்வு பெற்ற ஆண்கள், இரண்டு மணி நேரம் தெருநாயைப் பற்றியும் பார்க்கிங்கைப் பற்றியும் பேசிவிட்டு வடை சாப்பிட்டுக் கலைந்தோம். கூட்டத்துக்கு மக்களை வரவழைப்பதை விட மக்கள் இருக்கிற இடத்துக்கு நாம் போவது சுலபம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ரேஷன் கடை வரிசை, ஆட்டோ ஸ்டாண்ட், மகளிர் சுயஉதவிக் குழு கூடுகிற நாள், சாயங்காலம் பள்ளிக்கூட வாசல். தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள், யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். தெருவிளக்கு, சாக்கடை, கொசு மருந்து என்றுதான் பதில் வரும். அவை நியாயமான கோரிக்கைகள்தான், தனியாக எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், மாஸ்டர் பிளானில் அவற்றுக்கு இடமில்லை. மாறாக, நடந்ததைக் கேளுங்கள். பெரிய மழையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்த வழியாக வடிந்தது? வேலைக்குப் போக எத்தனை பஸ் மாறுகிறீர்கள்? உங்கள் பிள்ளைகள் கல்யாணம் ஆகி இதே ஊரில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியுமா?

வார்டு வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு போங்கள். சர்வே எண்ணை மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது, டீக்கடை, கோயில், மசூதி, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் நீங்களே குறித்துவிடுங்கள். அப்புறம் ஸ்டிக்கர் பொட்டு: தண்ணீர் நிற்கிற இடத்தில் சிவப்பு, பயந்து நடக்கிற இடத்தில் கறுப்பு, தொடவே கூடாத இடத்தில் பச்சை. எங்கள் பகுதியில் மீன் விற்கிற அம்மா ஒருவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பிடிபடலை தம்பி" என்று சொல்லி, பக்கத்து வீட்டில் கோலமாவு வாங்கி ரோட்டிலேயே வரைய ஆரம்பித்தார். ஏரிக்கரை, கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடம்), அங்கிருந்து கிளம்பி இப்போது ஒரு அபார்ட்மெண்ட் காம்பவுண்டு நிற்கிற இடம் வழியாகப் போன ஓடை. சுற்றி நின்றவர்கள் "இல்லக்கா, இன்னும் இந்தப் பக்கம்" என்று திருத்தத் திருத்த, அரை மணி நேரத்தில் எங்கள் கையிலிருந்த வரைபடத்தில் இல்லாத ஒரு போக்குக்கால்வாய் தெருவில் கிடந்தது. அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். கோலம் அழியும், பொட்டும் உதிரும்.

இனிதான் சலிப்பான வேலை. "ஓடையைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, இப்போதைய நில உபயோகம், வரைவில் காட்டியிருப்பது, நாம் கேட்கும் மாற்றம், காரணம் என்று வரிசையாக எழுதி, அ-பதிவேட்டு நகலும் (நிலத்தின் வகை, விவரம் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படமும் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) இணைத்தால்தான் திட்ட அலுவலர் கையில் பேனா எடுப்பார். ஒரு இடத்துக்கு ஒரு கடிதம். நூறு பேர் ஒரே நகலில் கையெழுத்துப் போடுவதை விட, பத்து பேர் அவரவர் பார்த்ததை எழுதுவது பலம் என்பது என் அபிப்பிராயம். பகுதி சபை (வார்டின் ஒரு பகுதி மக்களுக்கான கூட்டம்) கூடும்போது இதையே தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், தேதியோடு ஒரு ஆவணம் கிடைக்கும்.

சண்டை வரும். ரோட்டை அகலமாக்கினால் கடைக்காரருக்கு நஷ்டம், பஸ்ஸில் போகிறவருக்கு லாபம். ஏரியை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் குடியிருப்பு மண்டலம் கேட்பார், ஏனென்றால் திட்ட வரைபடத்தில் விவசாயத்துக்கான பச்சை நிறம் குடியிருப்புக்கான மஞ்சளானால் விலையே வேறு. அவர் வக்கீலோடு, முழுத் தயாரிப்போடு வருவார், மழைத் தண்ணீர் நிற்கிற கீழ்த்தெருக்காரர் வேலையை விட்டுவிட்டு வர முடியாமல் வீட்டிலேயே இருப்பார். கை தூக்கச் சொல்லி முடிவெடுத்தால் அன்றைக்கு வந்தவர்தான் ஜெயிப்பார். இரண்டு பக்கத்தையும் அப்படியே எழுதி, யாருக்கு என்ன இழப்பு என்று சேர்த்தே கொடுங்கள்.

கொடுத்த பிறகு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: யார் சொன்னது, என்ன சொன்னார், எந்தத் தேதியில் கொடுத்தோம், என்ன பதில் வந்தது. ஏற்கவில்லை என்றால் அதையும் எழுதி அதே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். பொட்டு வைத்தவர்கள் வந்து பார்ப்பார்கள், "என்னப்பா ஆச்சு" என்று கேட்பார்கள். திட்டத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அன்றைக்கு அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி போகலாம்.