ஆட்டுப்பட்டிக்கு மலைநாய்: குட்டியிலிருந்து பழக்குவது எப்படி?

எங்கள் கம்மவான்பேட்டை பக்கம் ராணுவத்தில் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மச்சான். இமாச்சலில் இருந்து லீவில் வந்தவர், டிரங்குப் பெட்டியோடு ஒரு கறுப்புக் கம்பளி உருண்டையையும் கொண்டுவந்தார். அங்கே கத்தி என்ற இடையர்கள் (வெட்டுகிற கத்தியோடு சம்பந்தம் இல்லை) ஆட்டு மந்தைக்குக் காவலாக வளர்க்கும் இனம். 'கரடி' என்று பெயர் வைத்தோம்.

வேலூர் வெயிலுக்கு இந்த இனத்தை நானாகத் தேடி வாங்கியிருக்க மாட்டேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

1. குட்டியைத் திண்ணையில் வைக்காதீர்கள்

மூன்று வாரத்தில் இருந்து பதினாறு வாரத்துக்குள் நாய்க்குட்டி யாரோடு படுத்து எழுகிறதோ, அவர்களைத்தான் தன் கூட்டமாக நினைத்துக்கொள்ளும். தாயிடமிருந்து எட்டு வாரத்தில் பிரித்ததும் நேராகப் பட்டிக்குப் போக வேண்டும். பிள்ளைகள் கெஞ்சியதால் நாங்கள் பத்து நாள் திண்ணையில் வைத்திருந்தோம். பட்டியில் விட்டதும் ராத்திரி முழுக்கப் படலைப் பிராண்டி அழுதது.

பட்டியின் மூலையில் மூங்கில் தட்டி வைத்துச் சின்னதாகத் தடுத்துவிடுங்கள். ஆடுகள் மோந்து பார்க்கலாம், மிதிக்க முடியாது. ஒரு வாரம் கழித்து நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். கூட ஒரு நிதானமான கிழட்டுத் தாயாடு இருந்தால் நல்லது. பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டிகளோடு இப்போது சேர்க்கவே வேண்டாம்.

2. சேட்டை வயதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்

ஐந்தாறு மாதத்தில் இருந்து ஒன்றரை வயது வரை பெரிய சோதனை. உடம்பு கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிடும், புத்தி குட்டியாகவே இருக்கும். கரடி ஒருநாள் பெட்டைக்குட்டி ஒன்றின் காதைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியது. கடிக்கவில்லை, விளையாட்டுதான். ஆனால் காது கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. நான் கத்துவதற்குள் தாயாடு பின்னால் நாலடி போய் ஓடிவந்து விலாவில் ஒரு முட்டு முட்டியது. நான் அடித்திருந்தால்கூட அவ்வளவு புரிந்திருக்காது.

துரத்துவது, காதைக் கடிப்பது, கோழியைப் பிடிப்பது எதைப் பார்த்தாலும் உடனே அதட்டி, கயிற்றில் பிடித்துத் தனியே கட்டுங்கள். ஆள் இல்லாமல் மந்தையோடு விட இரண்டு வயது ஆக வேண்டும்.

3. சாப்பாடு, ஊசி

கேழ்வரகுக் களி, மோர், அவித்த முட்டை, வேகவைத்த கறி. குட்டியைக் கொழுகொழு என்று ஆக்காதீர்கள், பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டு கெட்டுப்போகும். டாக்டர் சொல்லாமல் கால்சியம் டானிக்கும் வேண்டாம்.

கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடவே கூடாது. ஆட்டுத் தலையிலும் ஈரலிலும் இருக்கும் நீர்க்கட்டிகளைத் தின்றால் நாய் வயிற்றில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் கழிவில் விழுந்து, புல்லோடு ஆட்டுக்குள் போய், மூளையில் கட்டியாகும். அப்புறம் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச்சுற்றி விழும். இதில் ஒரு வகைப் புழு மனிதர்களுக்கும் ஈரலில் கட்டி உண்டாக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாத வயதில், அப்புறம் வருடா வருடம்.

4. கத்திரி வெயில்

பாவமாக இருக்கிறது என்று முடியை மழித்துவிடாதீர்கள். மேல்முடிதான் வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் முடியை மாசி, பங்குனியில் சீப்பு போட்டு இழுத்து எடுங்கள். எங்களுக்கு ஒரு சாக்கு நிறைய வந்தது. அப்போதே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

புங்க மரத்தடியில் பள்ளம் வெட்டி, காலையிலும் மதியமும் தண்ணீர் ஊற்றிவைத்தால் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் மேய்ச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கோந்து மாதிரி வழிந்து, நடை தள்ளாடினால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

5. ராத்திரி

குரைக்கும், விடிய விடியக் குரைக்கும். நரியும் தெருநாயும் பக்கத்தில் வராமல் இருப்பது அந்தச் சத்தத்தால்தான், அதட்டாதீர்கள். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஐந்தடி வேலி இல்லாவிட்டால் அடுத்த ஊர் வரை காவல் காக்கப் போய்விடும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு மாதிரி சிறுத்தை நடமாடும் இடமென்றால் கதை வேறு. ஒற்றை நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு நாயாவது வேண்டும், பட்டிக்கு மேலேயும் கம்பிவலை வேண்டும். இமாச்சலில் கழுத்துக்கு இரும்பு முள் பட்டை போடுவார்கள். மச்சான் அதையும் கொண்டுவந்திருந்தார். ராத்திரி மாட்டி, விடிந்ததும் கழற்றிவிடுகிறோம். இல்லாவிட்டால் ஒட்டிப் படுக்கிற ஆடுகளைக் குத்துகிறது.