ஆஸ்பத்திரியில் ஆள், தோட்டத்தில் ஆய்வு: விவசாயக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தைப் பார்க்க வரும் அதிகாரிகள் நம் வீட்டு நிலைமை தெரிந்து வருவதில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கோவைக்குக் கொண்டுபோன வாரத்தில்தான் அங்ககச் சான்று (ரசாயனம் இல்லாத இயற்கை விவசாயம் என்பதற்கான சான்று) ஆய்வாளர் போன் செய்வார். மனைவிக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்த நாளில்தான் சொட்டுநீர் மானியத்துக்குப் போட்டோ எடுக்க வருவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் எடுக்கிற முடிவுகள் பெரும்பாலும் பதற்றத்தில் எடுப்பவை. சிலர் போகவே தேவையில்லாத ஆய்வுக்காக ஐசியூ வாசலை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறுகிறார்கள். சிலர் "இப்ப யாருக்குங்க இதெல்லாம்" என்று போனை அணைத்துவிடுகிறார்கள், வருடக்கணக்கான உழைப்பு அதிலேயே போய்விடுகிறது. அங்கக விவசாயக் குழு ஒன்றின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில், அடிக்கடி கண்ணில் படும் தவறுகளை எழுதுகிறேன்.

எல்லா ஆய்வும் ஒன்று என்று நினைப்பது

முதல் குழப்பம் இங்கேதான். சில ஆய்வுகள் காத்திருக்கும், சில காத்திருக்காது, சிலவற்றுக்கு நீங்கள் இருக்கவே வேண்டியதில்லை.

பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பைக் கணக்கிடுவது முக்கியமாகப் பயிர் அறுவடைச் சோதனை மூலம். உங்கள் வருவாய் கிராமத்திலோ குறுவட்டத்திலோ ஏதோ சில வயல்களைத் தேர்வு செய்து, அளந்து அறுத்து, எடை போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பகுதி முழுவதுக்கும் அதே கணக்குதான். உங்கள் வயல் அதில் இல்லையென்றால் நீங்கள் வந்து நின்றாலும் நிற்காவிட்டாலும் இழப்பீட்டில் ஒரு ரூபாய் கூட மாறாது. இது தெரியாமல் நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே திட்டத்தில் காத்திருக்காத பகுதியும் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போல உங்கள் வயலை மட்டும் தாக்கிய சேதத்தையும், அறுத்துக் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தப்பிய மழையிலோ நனைந்து கெட்டதையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். தெரிவிப்பதற்கு நேரில் போக வேண்டியதில்லை. 14447 என்ற எண்ணுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அழைக்கலாம். கேட்பது விண்ணப்ப எண், சர்வே எண், என்ன பயிர், எந்தத் தேதியில் சேதம் என்ற விவரங்களைத்தான். காப்பீட்டு ரசீதை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேருடைய போனிலாவது வைத்திருந்தால் இந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பு வேறு. வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயல்வாரியாக வருவார்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். இதில் ஊர் முழுவதும் ஓரிரு நாளில் முடிந்துவிடும், உங்களுக்காகத் திரும்பி வர மாட்டார்கள். யாராவது ஒருவர் வரப்பில் நின்று "இது இன்னாருடைய வயல்" என்று காட்ட வேண்டும். சாய்ந்த நெல்லை ஆள் கிடைக்கிறதே என்று அதற்கு முன்பே அறுத்துவிட்டால், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அறுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் அந்த இருவரிடமும் சொல்லிவிட்டு, தேதியும் இடமும் பதிவாகும்படி போட்டோ எடுத்துவிட்டு இறங்குங்கள்.

காப்பீடு செய்த மாடு இறந்தால் அதுவும் காத்திருக்காது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துப் பரிசோதனை முடிக்கும் வரை புதைக்கக் கூடாது, அதன் காதில் மாட்டிய அடையாள வில்லையைத் தொலைக்கக் கூடாது. வீட்டில் ஆள் இல்லையே, நாறுமே என்று பக்கத்து வீட்டார் குழி தோண்டிவிட்டால் கோப்பு அதோடு முடிந்தது.

சொட்டுநீர் ஆய்வு காத்திருக்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் என்பதால் கருவி பொருத்திய பிறகு வயலிலேயே நின்று படம் எடுப்பார்கள். ஒரு வாரம் தள்ளச் சொன்னால் பெரும்பாலும் தள்ளுவார்கள். மார்ச் நெருங்கும்போது மட்டும் இந்தத் தைரியம் வேண்டாம், நிதியாண்டு முடிகிற அவசரம் அவர்களுக்கும் இருக்கும்.

தெரிவிக்காமல் விடுவது

அங்ககச் சான்று ஆய்வு இவை எல்லாவற்றையும் விட இடம் கொடுக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி சான்று பெறும் பண்ணையை வருடத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அரசுத் தரப்பில் இதைச் செய்வது, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை. தனியார் சான்று நிறுவனங்களும் இருக்கின்றன. எவராக இருந்தாலும் ஆய்வாளர் வந்து கேட் பூட்டியிருந்து, போனும் எடுக்கவில்லை என்றால் அவர் எழுதக்கூடியது "ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை" என்பதைத்தான். அவருக்கு உங்கள் வீட்டுக் கஷ்டம் தெரிய வழியில்லை.

போனில் இரண்டு நிமிடம் பேசினால் போதும்: "சார், கோபி பக்கத்துல இருந்து பேசறனுங்க. அப்பாவை நேத்து ராத்திரி ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. அடுத்த வாரம் வேற ஒரு தேதி குடுங்க. இப்பவே வாட்ஸ்அப்ல லெட்டரும் அட்மிஷன் சீட்டும் அனுப்பறனுங்க." அந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாயால் சொன்னது அந்த அதிகாரியோடு போய்விடும், அவர் மாற்றலாகிப் போனால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் அது கோப்பில் உட்காரும். சான்று எண், சர்வே எண், வர முடியாத காரணம், நீங்கள் கேட்கும் புதிய தேதி. இவ்வளவே.

தேதி தள்ளி வைக்கக் கேட்பது வேறு, "நீங்களே பார்த்த மாதிரி எழுதிக்கங்க சார்" என்று கேட்பது வேறு. இரண்டாவதைக் கேட்கவே கேட்காதீர்கள். நல்ல அதிகாரி சங்கடப்படுவார், மோசமான அதிகாரி விலை சொல்வார்.

உதவிக்கு வந்தவர் அடித்த மருந்து

அங்ககப் பண்ணைகளில் மருத்துவ அவசரத்தின்போது நடக்கும் பெரிய சேதம் இதுதான். செய்கிறவர் எதிரியாக இருக்க மாட்டார். நம்மேல் பாசமுள்ள பங்காளியாகவோ பக்கத்துத் தோட்டத்து அண்ணனாகவோ இருப்பார். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். மஞ்சளில் இலைப்புள்ளி தெரிகிறது, அல்லது தக்காளியில் புழு. "பாவம், அவங்களே நொந்து போயிருக்காங்க, பயிரும் போயிடுச்சுன்னா என்ன பண்ணுவாங்க" என்று தன் காசில் மருந்து வாங்கி, தன் ஸ்பிரேயரில் கலந்து, ஒரே காலையில் அடித்து முடித்துவிடுவார். காசு கூட வாங்க மாட்டார். நீங்கள் வந்து பார்க்கும்போது பயிர் நன்றாக இருக்கும், சான்று போயிருக்கும்.

அங்ககத்துக்கு மாறும் காலம் ஒரு பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று வருடம். அங்ககத்தில் தடை செய்த மருந்து அடித்த நிலத்துக்கு அந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லலாம். பல விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய சான்று என்றால் உங்களோடு நிற்காது. ஒருவர் விளைபொருளில் எச்சம் தெரிந்தால் குழுவின் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதனால் ஆம்புலன்ஸ் ஏறும் பரபரப்பு அடங்கிய முதல் நாளிலேயே செய்ய வேண்டிய ஒரு போன் உண்டு. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம், "அண்ணா, தண்ணி மட்டும் கட்டி உடுங்க. வேற எதுவும் அடிக்க வேண்டாம், யூரியா கூட வேண்டாம். புழு வந்தா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அங்ககம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியுமே என்று விட்டுவிடக் கூடாது. பலருக்கு அது "பூச்சிமருந்து கூடாது" என்ற அளவில்தான் தெரியும். களைக்கொல்லி, ரசாயன நேர்த்தி செய்த விதை, ரசாயனம் அடித்த ஸ்பிரேயரையே வேப்பெண்ணெய்க்கும் எடுத்துக்கொள்வது எல்லாம் கணக்கில் வரும் என்று தெரியாது. பக்கத்துக் காட்டு மருந்து நம் பயிரில் படாமல் இருக்க வரப்போரமாக விட்டிருக்கும் தடுப்புப் பகுதியையும் காட்டிவிடுங்கள். பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது பின்னால் கேள்வியாக வரும்.

ஏற்கெனவே அடித்துவிட்டார் என்றால்? மறைக்கலாமா என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆய்வாளர் இலையும் மண்ணும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். எந்த மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு பரப்பு என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், அடித்த பாத்தியை மட்டும் சான்றிலிருந்து பிரித்துவிடும்படி கேட்க வழி இருக்கிறது. அறிக்கையில் தெரிந்த பிறகு அந்த வாதம் எடுபடாது. அந்தப் பாத்தியின் விளைச்சலையும் தனியாக வையுங்கள், மற்றதோடு கலந்துவிட்டால் பிரித்துக் கேட்க எதுவும் மிச்சம் இருக்காது.

டைரியை ஒரே இரவில் எழுதுவது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பண்ணை டைரியைத் திறந்தால் பக்கங்கள் காலியாக இருக்கும். ஆய்வு வருகிறது என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், வாரத்துக்கு ஒரு பஞ்சகவ்யா, ஒரு ஜீவாமிர்தம் என்று நிரப்புவார்கள். ஆய்வாளர்கள் இதை எத்தனையோ பார்த்தவர்கள். அவர் டைரியோடு நிறுத்த மாட்டார். இடுபொருள் ரசீது, அறுவடைப் பதிவு, விற்பனைப் பதிவு என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்ப்பார். 12-ம் தேதி நீங்களே தெளித்ததாக டைரி சொல்லும், அன்று நீங்கள் அப்பாவின் பக்கத்தில் இருந்ததாக நீங்களே கொடுத்த கடிதம் சொல்லும்.

காலிப் பக்கம் பெரிய குற்றம் இல்லை. "தந்தை சிகிச்சையில் இருந்ததால் இந்த நாட்களில் வேலை நடக்கவில்லை, தண்ணீர் மட்டும் இன்னார் பாய்ச்சினார்" என்று ஒரு வரி எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவசரமாக மண்டியில் போட்ட சரக்கையும் அப்படியே எழுதுங்கள். சான்று விலை கிடைக்காமல் சாதாரணச் சரக்காக விற்றது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதாமல் விட்டால் அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையில் மூட்டை குறையும், அந்தக் குறைவுக்குத்தான் பதில் சொல்ல முடியாது.

படுத்திருப்பவரே பட்டாதாரர் என்றால்

இங்கே செய்யும் தவறு கையெழுத்து. "அப்பா கையெழுத்து எனக்கு நல்லா வரும்" என்று மகன் போட்டுவிடுவான். நினைவோடு இருப்பவரிடம் ஒரு அதிகாரக் கடிதம் வாங்குங்கள், கைநாட்டு வைத்தாலும் சரி. நினைவில்லாதவரின் பெயரில் எதையும் தயாரிக்காதீர்கள், அவரால் அதிகாரப் பத்திரமும் கொடுக்க முடியாது. மனைவியோ வயது வந்த பிள்ளையோ தன் பெயரிலேயே நிலைமையை எழுதி, தன் கையெழுத்தில் தேதி மாற்றம் கேட்பதே நேர் வழி.

அந்தக் கடிதத்தை எழுதச் சரியான ஆள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான் என்பது என் கருத்து. எந்தப் பாத்தியில் எப்போது எரு போட்டது, எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், ஆனால் குழுப் பதிவேட்டில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். ஆய்வன்று சென்னையிலிருந்து ஒரு மருமகனை வரவழைத்து நிறுத்துவார்கள், வடக்கு வரப்பு எதுவரை என்று கேட்டால் அவர் கூகுள் மேப்பைத் திறப்பார். பதிவில் இரண்டாவது பெயராக அந்தப் பெண்ணின் பெயரையும் போன் எண்ணையும் நல்ல நாளிலேயே சேர்த்து வையுங்கள்.

ஓடிபி ஒன்று இருக்கிறது. ஆதாரோடு இணைந்த எண் நோயாளியின் போனில், போன் அவருடைய பையில், பை ஐசியூவுக்கு வெளியே லாக்கரில். யாரோ ஒருவர் அந்த போனை சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் தீராமல் கையில் வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் கூப்பிடுவதும் அந்த எண்ணுக்குத்தான்.

சாவியும் ஜெராக்ஸும்

முன்னறிவிப்பு இல்லாத ஆய்வும் உண்டு என்பதால் சரக்கு வைக்கும் அறையின் சாவி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. அம்மாவின் இடுப்பில் சொருகியபடியே அது போய்விடும். ரேஷன் கார்டும் ஆதாரும் முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், அவற்றை அசலாக எடுத்துப் போங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வரைபடம், சான்று நகல் எல்லாம் வீட்டில் ஒரே பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம், பிறகு ஆய்வாளருக்குக் காட்ட வீட்டில் ஒரு தாளும் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆய்வறிக்கையில் குறை எழுதி வரலாம். பயந்து கிடப்பில் போடாதீர்கள், சரிசெய்ய அவகாசம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அந்தத் தேதிக்குள் பதில் போனால் பெரும்பாலான சிறு குறைகள் அங்கேயே தீரும். விளக்கக் கடிதத்தோடு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மட்டும் இணையுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும், மறுபடி செக்கப்புக்குப் போகும்போது டாக்டர் கேட்பார்.