வீராங்கனைகளைப் பற்றி எழுதும்போது நான் சறுக்கிய இடங்கள்

போன மாதம் ஒரு கட்டுரையைப் பார்த்துச் சொல்லும்படி ஒரு தம்பி அனுப்பியிருந்தார். பெண்கள் கிரிக்கெட் பற்றி எழுத ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. நடை நன்றாகவே இருந்தது. நான்காவது பத்திக்கு வந்ததும் எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதி மாட்டிக்கொண்ட அதே தவறு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.

பெயரில் எழுத்துப்பிழை, ரன் கணக்கில் பிழை, எங்கிருந்தோ அப்படியே எடுத்துப் போடுவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை எந்த உதவி ஆசிரியரும் பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போகிற தவறுகள்தான் என் கவலை.

ஆட்டமே நடக்காத வருடங்களை வீராங்கனையின் தலையில் கட்டுவது

2012இல் இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே படித்து, அதைக் கதையாக்குவதுதான் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி. டெஸ்ட் வரிசையில், 2006இல் இங்கிலாந்தின் டான்டனில் நடந்த ஆட்டம் கண்ணைப் பறித்தது. இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட், மொத்தம் 78 ரன் கொடுத்து 10 விக்கெட். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. உடனே எழுதினேன்: "டான்டனுக்குப் பிறகு அவருடைய டெஸ்ட் பந்துவீச்சு மங்கிப்போனது." சும்மா விட்டேனா? காரணமும் கண்டுபிடித்தேன். வேகப்பந்து வீச்சாளருக்கு உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று அரைப் பக்கம் ஆராய்ச்சி வேறு.

கட்டுரை வெளிவந்த வாரம் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் போன் செய்தார். அடுத்த மாதம் எனக்குப் பேட்டி தருவதாகச் சொல்லியிருந்தவர். "தம்பி, 2006க்கு அப்புறம் நம்ம டீம் எத்தனை டெஸ்ட் ஆடுச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

நடக்காத ஆட்டத்தில் ஒருவர் எப்படி மங்குவார்? அதைவிட மோசம், அவர் சரிந்துவிட்டதாக நான் எழுதிய அதே காலத்தில்தான், 2007இல், சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி அவரை ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்திருந்தது. அதுவும் என் கட்டுரையிலேயே வேறொரு பத்தியில் இருந்தது! இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது எழுதிய எனக்கே உறைக்கவில்லை. மறு இதழில் திருத்தம் போட்டோம். பேட்டி கிடைக்கவே இல்லை. இன்னும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

இந்தியப் பெண்கள் அணியின் டெஸ்ட் கணக்கில் இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. டான்டன் ஆட்டத்துக்கு அடுத்த டெஸ்ட் 2014 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வார்ம்ஸ்லியில். நடுவில் எட்டு வருடம். பிறகு 2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுடன் ஒரு டெஸ்ட். அதற்கடுத்தது 2021 ஜூனில் பிரிஸ்டலில். நடுவில் ஆறரை வருடம். பேட்டர் மிதாலி ராஜும் ஜூலனும் ஆளுக்கு 12 டெஸ்ட்தான் ஆடினார்கள் என்பதை இந்த ஓட்டைகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இருவருமே 2002இல் டெஸ்டில் அறிமுகமாகி 2021 வரை ஆடியவர்கள். ஏறக்குறைய இருபது வருடத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம்.

தம்பியின் கட்டுரை திருஷ் காமினியைப் பற்றியது. தமிழ்நாட்டு வீராங்கனை, 2013 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதம் அடித்தவர். மைசூர் டெஸ்டில் 192 ரன். பூனம் ராவத்துடன் சேர்ந்து எடுத்தது 275 ரன். இந்த இடத்தில் தம்பி எழுதியிருந்த வரி: "192 அடித்தும் டெஸ்ட் தேர்வாளர்கள் அவரை மறந்துவிட்டார்கள்." படிக்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆறரை வருடம் தேர்வு செய்ய டெஸ்ட் அணியே கிடையாது. மறந்தது காமினியை மட்டுமல்ல, டெஸ்ட் என்ற ஆட்டத்தையே. தம்பி சொன்ன கதையைவிட இது பெரிய கதை. அதைத்தான் அவர் கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டார்.

பிற நாடுகளில் நிலைமை இன்னும் விசித்திரம். பெண்கள் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவர் பாகிஸ்தானின் கிரண் பலூச். 2004 மார்ச், கராச்சி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 242. அந்த ஆட்டத்துக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பாகிஸ்தான் பெண்கள் அணி டெஸ்டே ஆடவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் அணியும் ஆடவில்லை. இலங்கைப் பெண்கள் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1998இல். அதில் வெற்றியும் பெற்றார்கள். இவர்களைப் பற்றி எழுதும்போது "குறுகிய டெஸ்ட் வாழ்க்கை" என்று போட்டால், குறுகியது யாருடைய வாழ்க்கை?

சரி, என்ன செய்யலாம்? நான் இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொள்கிறேன். இடது பக்கம் அந்த வருடத்தில் அணி ஆடிய ஆட்டங்கள். வலது பக்கம் அவர் ஆடியவை. இடது பக்கம் காலியாக இருந்தால் அது அட்டவணையின் கதை. இடது பக்கம் நிறைந்து வலது பக்கம் காலியாக இருந்தால்தான் காயமா, ஃபார்மா, தேர்வா, குழந்தைப்பேறா, வேலையா என்று விசாரிக்க வேண்டும். அதையும் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தைச் சேமிக்கப் போய்த்தான் ஒரு பேட்டியை இழந்தேன்.

இதே தவறுக்கு ஒரு குட்டித் தம்பியும் உண்டு: சராசரியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது. மிதாலியின் மொத்த டெஸ்ட் ரன் 699. அதில் 214 ஒரே இன்னிங்ஸில், 2002இல் அதே டான்டனில், அவருக்கு 19 வயதாக இருந்தபோது எடுத்தது. இவ்வளவு சின்னக் கணக்கில் ஓர் இன்னிங்ஸ் எல்லாவற்றையும் ஆட்டிவிடும். ஒருநாள் ஆட்டங்களில் அப்படியில்லை. 232 ஆட்டம், 7,805 ரன், சராசரி ஐம்பதுக்கு மேல். அங்கே சராசரியை நம்பிப் பேசலாம். ஆனால் அந்த 232க்கும் 22 வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய பத்து. 2025இல் ஸ்மிருதி மந்தனா ஒரே காலண்டர் வருடத்தில் ஒருநாள் ஆட்டங்களில் 1,000 ரன்னைத் தாண்டினார். அதற்கு முன் சாதனை, 1997இல் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் எடுத்த 970. மந்தனாவின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் முந்தைய தலைமுறைக்கு ஒரு வருடத்தில் எத்தனை ஆட்டம் கிடைத்தது என்ற வரியையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

"உலகிலேயே முதல்முறையாக"

இந்தச் சொற்றொடரை எழுதும்போது கை ஒரு நிமிடம் நிற்கட்டும். ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம் 2010இல் குவாலியரில் சச்சின் அடித்தது என்று நானும் எழுதியிருக்கிறேன். 1997 டிசம்பரிலேயே மும்பையில், உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராக பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 எடுத்துவிட்டார். முதல் உலகக் கோப்பையும் பெண்களுடையதுதான், 1973. ஆண்களுக்கு 1975. முதல் சர்வதேச டி20யும் பெண்கள் ஆடியது, 2004 ஆகஸ்டில். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன், 1958இல். எந்த ஆணும் அவருக்கு முன் அதைச் செய்யவில்லை.

"பெண் சச்சின்"

வேண்டாம். அவருக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது.

பிடித்த ஆண் வீரர் யார் என்று கேட்பது

2017இல் இதைக் கேட்ட நிருபரிடம், ஆண் வீரர்களிடம் போய்ப் பிடித்த வீராங்கனை யார் என்று கேட்பீர்களா என்று மிதாலி திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

பணத்தைப் பற்றி அரைகுறையாக எழுதுவது

இதில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் வறுமைக் கதையாக்குவது. மற்றது, 2023இல் மகளிர் பிரீமியர் லீக்கின் (டபிள்யூபிஎல்) ஏலத்தில் மந்தனா 3.4 கோடிக்குப் போனதை வைத்து எல்லா வீராங்கனைகளும் கோடீஸ்வரிகள் என்று நினைப்பது. இந்திய வீராங்கனைகளுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தம் முதன்முதலில் கிடைத்ததே 2015இல். அதற்கு முன்பு பலருக்கும் சம்பளம் என்றால் ரயில்வே போன்ற இடங்களில் பார்த்த வேலைதான். ஆகவே 2005 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய ஒருவரை இன்றைய பொருளில் "தொழில்முறை வீராங்கனை" என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் என்று 2022 அக்டோபரில் வாரியத்திடமிருந்து வந்த அறிவிப்பையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். சமமானது ஆட்ட ஊதியம்: ஒரு டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். ஆண்டு ஒப்பந்தத் தொகை அந்த அறிவிப்பில் சமமாகவில்லை. ஆட்டங்களின் எண்ணிக்கையும் சமமில்லை. "சம்பளம் சமமாகிவிட்டது" என்ற ஒற்றை வரித் தலைப்பு அதனால் பொய்.

லீக் ரன்னைச் சர்வதேசக் கணக்கில் சேர்ப்பது

கூடாது. தனி வரியில் போடுங்கள்.

ஓய்வுத் தேதி

ஒரே தேதி என்று நினைத்து எழுதி மாட்டிக்கொண்டேன். மிதாலி சர்வதேச டி20யிலிருந்து விலகியது 2019 செப்டம்பரில். எல்லாவற்றிலிருந்தும் விலகியது 2022 ஜூனில். கடைசி ஆட்டமும் ஓய்வு அறிவிப்பும் வேறு வேறு நாள். அவருடைய கடைசி ஆட்டம் 2022 மார்ச்சில், நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில். ஜூலனுக்கு நேர்மாறு. முன்பே சொல்லிவிட்டு, 2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில் கடைசி ஒருநாள் ஆட்டத்தை ஆடி முடித்தார். 204 ஆட்டம், 255 விக்கெட்.

தம்பி நேற்றுத் திருத்திய கட்டுரையை அனுப்பினார். தேர்வாளர்கள் மறந்த வரியை எடுத்துவிட்டு, மைசூருக்கும் பிரிஸ்டலுக்கும் நடுவில் இருந்த வருடங்களை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "டெஸ்ட் இல்லை" என்று போட்டிருந்தார். தலைப்பில் மட்டும் "பெண் சேவாக்" என்று இருந்தது.