பயணக் காப்பீடு: விசாவுக்காக மட்டும் எடுக்காதீர்கள்

நம் ஊரில் பயணக் காப்பீட்டை விசா பேப்பர்களில் ஒன்றாகத்தான் நிறைய பேர் பார்க்கிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதனால் ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்து, பிரின்ட் போட்டு ஃபைலில் சொருகிவிட்டு மறந்துவிடுவார்கள். அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் காப்பீடே இல்லாமல் விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. மருத்துவச் செலவுக்கு நாம் மிகவும் பயப்பட வேண்டிய நாடே அதுதான்.

மகளின் பிரசவத்துக்காக மயிலாப்பூரிலிருந்தோ அண்ணா நகரிலிருந்தோ ஆறு மாதம் அமெரிக்கா போகும் அம்மா அப்பாக்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு, விண்ணப்பத்தில் 'ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போடுவது. பிரீமியம் ஏறிவிடும் என்று பிள்ளைகளே போடுவார்கள், சில ஏஜென்டுகளும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே போய் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து எமர்ஜென்சியில் சேர்த்தால், டாக்டர் முதலில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்பார். அம்மா பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, சுகருக்கு இது, பிபிக்கு இது, பத்து வருஷமாகச் சாப்பிடுகிறார் என்று உண்மையைச் சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும், க்ளெய்ம் போனதும் காப்பீட்டு நிறுவனம் கேட்டு வாங்கிப் படிப்பதும் அதே கேஸ் ஷீட்டைத்தான். மறைத்தது தெரிந்தால் பணம் வராது. தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள். பழைய நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் எவ்வளவு வரை தருவார்கள் என்று கேட்டு, அதை எழுத்தில் பார்த்த பிறகு வாங்குங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம் உள் வரம்பு. மேலே 50,000 டாலர் என்று பெரிதாக இருக்கும், உள்ளே போனால் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, ஐசியுவுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வெட்டியிருப்பார்கள். எல்லா பாலிசியிலும் இப்படி இல்லை, இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் உடனே கூப்பிட வேண்டிய உதவி எண்ணை அம்மா, மகள், மருமகன் மூன்று பேர் போனிலும் பதிந்து வையுங்கள். தகவல் தாமதமானால் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது, சிக்கலாகிவிடும். தங்கும் காலத்தை நீட்டிப்பதாக இருந்தால் பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டிக்கக் கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பெட்டி வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய் நிதானமாகப் புகார் செய்யலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஏர்லைன் கவுன்டரில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்து நகல் வாங்க வேண்டும்.

டிசம்பரில் பயணம் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். இப்படி விமானம் ரத்தானால் ஏற்படும் நஷ்டத்துக்குப் பாலிசி கைகொடுக்கலாம், ஆனால் புயல் வருகிறது என்று செய்தி வந்த பிறகு வாங்கினால் பொதுவாகக் கிடைக்காது. டிக்கெட் போட்ட கையோடு எடுத்துவிடுவதுதான் சரி.

ரயிலுக்கும் உண்டு. ஐஆர்சிடிசி இணையதளத்தில் 45 பைசாவுக்கு வரும் காப்பீட்டில் ரயில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். அதை டிக் செய்துவிட்டு, பிறகு போனுக்கு வரும் லிங்க்கில் நாமினி பெயரை நிரப்பாமல் விடுகிறார்கள், அதையும் முடித்துவிடுங்கள்.

க்ளெய்மை மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டாம். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இந்தப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும்.