ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறினால், கூலரை மாற்றும் முன் கன்வெர்ட்டரைப் பாருங்கள்

டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை வரும். சுமார் 3,400 மீட்டர் உயரம். போன கோடையில் மூன்றரை டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், "மாமா, ஏதோ கருகுற வாசம் வருது" என்றான். கியர்பாக்ஸ் ஆயில் மீட்டர் 250 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டிருந்தது. செல்சியஸில் 121.

வண்டி 2006 மாடல் பிக்கப். 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், 48ஆர்இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ட்யூனர் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் கருவி) போட்டு 100 குதிரைத்திறன் கூட்டியிருந்தேன். டயரையும் 35 அங்குலத்துக்கு மாற்றியிருந்தேன். கியர்பாக்ஸை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். தப்பு அங்கேதான்.

சூடு ஏறினால் முதலில் செய்ய வேண்டியது: ஓரம் கட்டுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் விடுங்கள். பார்க்கில் போடாதீர்கள். இந்தக் கியர்பாக்ஸில் பார்க்கில் இருக்கும்போது ஆயில் டார்க் கன்வெர்ட்டருக்கும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்கும் போவதில்லை. சூடு உள்ளேயே தேங்கிவிடும். நியூட்ரலில் 1,000 ஆர்பிஎம் அளவில் ஓடவிட்டால் சில நிமிடங்களில் முள் இறங்கும். ஆயில் அளவையும் இதே மாதிரி, சூடாக, நியூட்ரலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வேறு கியர்பாக்ஸ் என்றால் அதன் மேனுவலைப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். நல்ல ஆயில் சிவப்பாகவே பரவும். என்னுடையது டீ டிகாக்ஷன் நிறத்தில் பரவி, நடுவில் கரும்பொட்டாக நின்றது. அந்தக் கருப்பு கிளட்ச் தட்டிலிருந்து உரிந்த தூள். கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருக்கும், அது சகஜம். துணுக்குகள் கிடந்தால் ஆயில் மாற்றி மட்டும் பயனில்லை.

அப்புறம், சூடு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பலரும் நேரே பெரிய கூலர் வாங்கப் போகிறார்கள். நானும் வாங்கினேன், மீட்டர் 10 டிகிரிதான் இறங்கியது. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் நேரடியாக இணையும்; அதுதான் லாக். லாக் ஆகாமல் ஓடும்போது கன்வெர்ட்டர் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கிறது; பெரும்பாலான சூடு அங்கேதான் உண்டாகிறது. சமதளத்தில் 55 மைல் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் பிடித்து, இடது காலால் பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள். ஆர்பிஎம் 200, 300 எகிறினால் அதுவரை லாக்கில் இருந்தது, தொட்டதும் விட்டது என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் லாக்கே ஆகவில்லை. ஏற்றத்தில் லாக்கில் போகும்போது வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் லாக்கப் கிளட்ச் வழுக்குகிறது. என் வண்டியில் நடந்தது இதுதான். கூட்டிய டார்க்கை (முறுக்கு விசையை) பழைய கிளட்சால் பிடிக்க முடியவில்லை.

கூலரை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சோதிக்கலாம். உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் துடுப்புகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும். ஒன்று கொதித்து இன்னொன்று சில்லென்று இருந்தால் உள்ளே அடைப்பு.

டயர் விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 31.6 அங்குல டயரை 35 ஆக்கினால் கியர் விகிதம் சுமார் 11 சதவீதம் நீண்டுவிடுகிறது, அதாவது அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். இன்ஜின் திணறும், லாக் அடிக்கடி விடும். பின் ஆக்ஸில் கியர் விகிதத்தை 3.73-இலிருந்து 4.10-க்கு மாற்றியதும் அந்தக் கணக்கு ஏறக்குறைய சரியானது. செலவுதான், ஆனால் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அது.

கூடவே வலுவான லாக்கப் கிளட்ச் உள்ள கன்வெர்ட்டர், புது ஏடிஎஃப்+4 கியர்பாக்ஸ் ஆயில், ஃபில்டர் ஆகியவற்றையும் போட்டேன். டிரெய்லர் இருந்தால் ட்யூனரைக் குறைந்த நிலைக்கு இறக்கிவிடுகிறேன். மேட்டில் ஓவர்டிரைவை (நான்காவது கியரை) அணைத்து, மூன்றாவது கியரில் லாக் பிடிக்கும் வேகத்திலேயே ஏறுகிறேன். அதே டிரெய்லர், அதே மேடு, இப்போது மீட்டர் 200-ஐத் தாண்டுவதில்லை. 230 வந்தால் காத்திருக்காமல் ஓரம் கட்டிவிடுகிறேன்.