பிக்கப் வண்டியின் தொட்டிக்கு விளக்குப் பொருத்தும் முறை

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றும் வேலை பல நாள் விடியுமுன்பே தொடங்கிவிடுவதால், அலங்காரத்துக்குச் செலவிடுவதைவிடத் தொட்டிக்கு ஒரு நல்ல விளக்கைப் பொருத்துவதே முதல் வேலை என்பேன்.

12 வோல்ட், 24 வாட் எல்.இ.டி. விளக்கு 2 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் என்பதால், அதற்கு 1.5 சதுர மி.மீ. வயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும் போதும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். ஃபியூஸைப் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். விளக்கின் அருகில் வைத்தால், நடுவழியில் வயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும். வயரைச் சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாகச் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) ஒட்டிக் குழாய்க்குள் கொண்டுசென்று, ஓட்டை போட்ட இடங்களில் துருப்பிடிக்காமல் பிரைமர் தடவி, ரப்பர் புஷ் செருகுங்கள்.

எர்த் கொடுப்பதில்தான், அதாவது விளக்கின் நெகட்டிவ் வயரை வண்டியின் இரும்போடு இணைப்பதில்தான், பலரும் தவறுகிறார்கள். நானும் பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்கிவிட்டு, விளக்கு மினுக்கியதும் புது விளக்கு வாங்கியவன்தான். உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, முனையை இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசுங்கள்.

தொட்டிக்கு ரப்பர் விரிப்புப் போட்டிருந்தால் மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அடியில் தங்கும் தேங்காய் நார் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துத் தகட்டைத் தின்றுவிடும்.