அலுமாரியைப் பீரோ ஆக்காதீர்கள்: கதை எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் சிறுகதை, தெஹிவளையில் ஒருவன் கண்விழிப்பதில் தொடங்கியது. அவன் பல் துலக்கினான், 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினான், காலி வீதி நெடுகத் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தான், புறக்கோட்டையில் இறங்கினான். மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான், அவன் வேலை கேட்டுப் போன கடையின் முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கதையை வாசித்த மூத்த எழுத்தாளர் ஒருவர் அந்த வரிக்கு மேலே இருந்த அனைத்தையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து மிச்சத்தை வாசித்தேன். அவனுடைய வறுமையும் அவன் வந்த தூரமும், அவன் சப்பாத்தை முதலாளி பார்க்கும் ஒரே வரியில் இருந்தன.

கதைக்குள் நுழைவதற்காக நாம் எழுதிப் பார்க்கும் பக்கங்கள் நமக்கு வேண்டியவை. வாசகருக்கு வேண்டியவை அல்ல. எழுதுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அதைக் கண்டுகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சென்னையின் மொழியில் எழுதினேன். வீட்டில் இருந்தது அலுமாரி, கதையில் பீரோ. அம்மா நின்றது குசினியில், கதையில் சமையலறை. சவர்க்காரம் சோப்பு ஆனது, காய்ச்சல் ஜுரம் ஆனது, நாங்கள் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்க என் பாத்திரங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வார இதழ்களில் வாசித்த தமிழே கதைக்குரிய தமிழ் என்று நம்பியிருந்தேன். அலுமாரி, குசினி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் வீடுகளில் புழங்குகின்றன. அவற்றுக்கு எந்த வெட்கமும் தேவையில்லை.

இந்த உரிமையை நமக்கு யாரும் சும்மா தந்துவிடவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் மரபுப் போராட்டம் நடந்தது. மக்கள் வீட்டிலும் வயலிலும் வழங்கும் மொழியைக் கதையில் எழுதியவர்களின் படைப்பை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பழித்தார்கள். எழுதியவர்கள் பின்வாங்கவில்லை. முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்தபடியே சிறுகதைகள் எழுதிய டொமினிக் ஜீவா, 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். எழுதுவதற்குப் பெரிய அனுபவம் வேண்டும் என்று காத்திருக்கும் இளைஞர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன். தலை சாய்த்து உட்கார்ந்தவர்கள் மனம்விட்டுக் கதைத்ததைக் கேட்கும் இடத்தில் அவர் நின்றிருந்தார். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும்: மருந்துக்கடை, தொடர்மாடியின் லிஃப்ட், கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடை.

கொழும்பில் எழுதுபவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. இங்கே ஒரே பஸ்ஸில் யாழ்ப்பாணத்தவரும் மலையகத்தவரும் மட்டக்களப்பாரும் முஸ்லிம்களும் அருகருகே நிற்கிறார்கள். தொடக்கக் கதைகளில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே வாய். ‘தாத்தா’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்துப் பிள்ளைக்கு அது பாட்டன். முஸ்லிம் வீட்டில் அக்கா. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கு அப்பா. தொடர்மாடியின் படிக்கட்டில் ஒரு குழந்தை “தாத்தா” என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்? இதைக் காதில் வாங்காமல் எழுதினால், ஒரு கதையே கைநழுவிப் போகும்.

சிங்களத்தை அழித்துவிடுவதும் அப்படித்தான். நம் கதைகளில் பஸ் நடத்துநர்கூடச் செந்தமிழில் முன்னே போகச் சொல்கிறார். அவர் சொல்வது “இஸ்ஸரஹட்ட யன்ன”. அதை அப்படியே விடுங்கள்; கொழும்பு வாசகருக்கு அது விளங்கும், மற்றவருக்குச் சூழல் விளக்கும். அதற்கு உங்கள் பாத்திரம் என்ன மொழியில், எத்தனை சொல்லில், எவ்வளவு தாழ்ந்த குரலில் பதில் சொல்கிறது என்பதை எழுதினால், அந்தப் பாத்திரத்தின் பயத்தைப் பற்றித் தனியே ஒரு பத்தி எழுதத் தேவையிராது.

உணர்ச்சிகளுக்குப் பெயர் சூட்டும் பழக்கமும் இதனுடன் போய்விடும். ‘சொல்லொணாத் துயரம்’, ‘இனம்புரியாத வேதனை’ போன்றவற்றை நான் கண்ட இடத்தில் வெட்டிவிடுகிறேன்.

முடிவைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாதபோது நாம் ஒருவரைச் சாகடிக்கிறோம். போரைக் கண்ட நாட்டில் மரணம் பொய்யல்ல. அதனாலேயே அதை முடிச்சவிழ்க்கும் கருவியாக்கக் கூடாது. சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, லொட்ஜ் அறை எல்லாம் நம் மக்கள் பட்ட பாடுகள். அவை கதையின் நடுவில் மனிதர்களை எப்படி மாற்றின என்று எழுதுங்கள்; கடைசி வரியில் அதிர்ச்சிக்காக இறக்கிவைக்காதீர்கள்.

கடைசியாக, அவசரம். நம்மிடையே பெரும்பாலும் எழுதியவரே அச்சுச் செலவையும் ஏற்கிறார். கையில் பணம் சேர்ந்ததும் தொகுப்பு வந்துவிடுகிறது, வெளியீட்டு விழாவும் நடந்துவிடுகிறது, முதற் பிரதியை உறவினர் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். திருத்தி எழுதும் காலம் மட்டும் எங்கும் இடம்பெறுவதில்லை. என் முதல் தொகுப்பின் முந்நூறு பிரதிகளில் ஒன்றையாவது திரும்பப் பெற்றுத் திருத்த முடியுமா என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு கதை முடிந்தால் மூன்று வாரம் அதைத் தொடுவதில்லை. பிறகு எடுத்து, முன் அறையில் உட்கார்ந்து உரத்து வாசிக்கிறேன். கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது நிறுத்திக்கொண்டு, அது கடந்ததும் தொடர்கிறேன். சில நாட்களில் குசினியிலிருந்து மனைவியின் குரல் வரும்: “அந்த அம்மா அப்படிச் சொல்ல மாட்டாவே.” பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழே கோடு போடுகிறேன்.